மின்சாரக் குழாயுலை

உலை என்னுஞ் சொல் தமிழில் மிகப் பழையது. சோறாக்க நீரேற்றி வைப்பதும் உலை. கொல்லன் இரும்பு காய்ச்சுவதும் உலை. கொல்லனுலைக்குக் கரி வேண்டும், துருத்தி வேண்டும், ஊதுதற்கு ஓர் ஆள் வேண்டும். இவற்றுள் யாதொன்றும் இன்றி, புகையும் சுவாலையும் ஓசையும் இன்றி, 1500 டிகிரி வரை காயும் உலையொன்று நம் இரசாயன சாலையின் மூலையில் இருக்கின்றது. தமிழ் பயிலும் எனக்கும் அதற்கும் என்ன உறவு என்று நண்பர் சிலர் நகைத்தனர். இரசாயனம் பயிலும் என் அறைத் தோழரோடு அதனருகில் இரண்டு இரவுகள் அமர்ந்திருந்தேன் என்பதே உறவு. (இக்கட்டுரையில் டிகிரி என்பன யாவும் சென்டிகிரேட் அளவே.)

அவ்வுலையின் அமைப்பு எளியது. நீண்ட பீங்கான் குழாயொன்று பெட்டியொன்றின் நடுவே ஊடுருவிச் செல்லும். அதன் இரு முனைகளும் பெட்டிக்கு வெளியே நீண்டு குளிர்ந்திருக்கும். உள்ளே குழாயைச் சூழ்ந்து மின்சாரத்தாற் காயும் சுருளோ கோல்களோ அமைந்திருக்கும். அவற்றைச் சூழ்ந்து உஷ்ணத்தை எளிதில் வெளிவிடாத பீங்கான் நார் மெத்தை. பெட்டி வடிவே போதாதோ, குழாய் எதற்கு எனின், ஒரு முனையில் விரும்பிய வாயுவைச் செலுத்தி மறுமுனையில் வெளியேற்றலாம். வேண்டின் காற்றை உறிஞ்சி வெற்றிடமாக்கலாம். உள்ளே காயும் பொருள் எக்காற்றை உட்கொள்ள வேண்டும் என்பதை நாமே விதிக்கலாம். ஆனால் வாயு வெளிச்செல்லும் வழியை அடைத்துக் காய்ச்சுதல் பெரும் அபாயம். 27 டிகிரியில் அடைபட்ட வாயு முழுதும் 1227 டிகிரி அடையுமாயின் அதன் அழுத்தம் ஐந்து மடங்காகும்.

மின்சாரம் கம்பியிற் செல்லுங்கால் பிறக்கும் வெப்பம், மின்னோட்டத்தின் வர்க்கத்திற்கும் கம்பியின் தடைக்கும் ஏற்ப வளரும் என்பதை ஜேம்ஸ் ஜூல் என்பார் 1841-இல் வெளியிட்டார். விதி தெரிந்தும் உலை உடனே பிறக்கவில்லை. இரும்பும் செம்பும் காற்றிற் செஞ்சூடாகக் காய்ந்தால் துருவேறி உதிர்ந்துபோம். பிளாட்டினம் உதிராது, அதன் விலையோ எளிதிற் கொடுக்கத்தக்கதன்று. 1906-இல் ஆல்பர்ட் மார்ஷ் என்னும் அமெரிக்கர் நிக்கலும் குரோமியமுங் கலந்த கம்பிக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். இக்கம்பி ஏன் உதிர்வதில்லை? இதற்கும் துரு ஏறத்தான் செய்கின்றது. குரோமியம் பிராணவாயுவோடு கூடி மெல்லிய தோலொன்றைக் கம்பியின் மேற் பரப்பும்; அத்தோல் கெட்டியாகப் பற்றிக்கொண்டு, மேலும் பிராணவாயு உட்புகாமற் காக்கும். சுவீடன் தேசத்து ஹான்ஸ் வான் கான்ட்ஸோ என்பார் இரும்பு, குரோமியம், அலுமினியம் மூன்றும் சேர்ந்த கம்பியைக் கண்டு, 1931-இல் அதற்கென நிறுவனம் ஏற்படுத்தினார். அதன் தோல் அலுமினா. அது 1400 டிகிரி வரை பொறுக்கும். சிலிக்கன் கார்பைடுக் கோல்கள் 1600 வரையும், மாலிப்டினமுஞ் சிலிக்கனுங் கூடியவை 1800 வரையும் தாங்கும். இவ்விரண்டிற்கும் தோல், கண்ணாடி போன்ற சிலிக்கா. தன் துருவையே தனக்குக் கவசமாக்கிக்கொள்ளும் இவ்வுபாயம் எனக்குப் பெருவியப்பாயிருந்தது.

ஈண்டு ஒரு சிறு கணக்கு. தானியேலின் ஆகமத்திலே பாபிலோன் அரசன் சூளையை ஏழு மடங்கு சூடாக்கும்படி கட்டளையிட்டதை நாம் வேதபாட வகுப்பிற் படித்திருக்கின்றோம். வெப்பம் கதிராய் வெளிச்செல்லும் அளவு, கெல்வின் உஷ்ணநிலையின் நான்காம் மடிக்கு ஏற்ப வளரும் என்று ஸ்டெபான் 1879-இற் காட்டினார். கதிராகவே வெப்பத்தை இழக்கும் சூளையொன்று 727 டிகிரியில் நிற்கின்றதென்று கொள்வோம். அதற்கு ஏழு மடங்கு வெப்பம் ஊட்டினாலும் அது சுமார் 1354 டிகிரிக்கே ஏறும். அரசனுடைய ஏவலாளர் எவ்வளவு விறகு சுமந்தார்களோ! மேலே செல்லச் செல்ல ஒவ்வொரு நூறு டிகிரிக்கும் செலவு மிகுவது இதனாலேயே.

குழாயையும் பொருளறிந்து தெரிதல் வேண்டும். சிலிக்காக் குழாய் திடீர்ச் சூட்டைத் தாங்கும்; ஆனால் 1100 டிகிரிக்கு மேல் நெடுநேரம் நில்லாது. அதனை வெறுங்கையாற் பற்றினால், விரல் வியர்வையின் உப்புப் பட்ட இடம் காய்ந்தபின் வெண்மையாகிப் பொரிந்துவிடும். அலுமினாக் குழாய் 1700 வரை நிற்கும். அதற்கோ அவசரம் ஆகாது. நிமிஷத்திற்கு ஐந்து டிகிரியின் மேல் ஏற்றினாலும் இறக்கினாலும் விரிசல் காணலாம்.

இனி அவ்விரவுகளின் செய்தி. 1987-இல் பால் சூ, வூ என்னும் இருவரும் அவர்தம் துணைவரும் அமெரிக்காவில் யிட்ரியம், பேரியம், செம்பு, பிராணவாயு நான்கும் கூடிய கரும்பொருளொன்று, சுமார் -180 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் மின்தடை அறவே ஒழிந்த மீக்கடத்தியாதலைக் கண்டனர். நைட்ரஜன் திரவத்தின் குளிர் -196 டிகிரி ஆதலின், அத்திரவமும் ஒரு குழாயுலையும் உடைய கலாசாலை எதுவும் இதனைச் செய்துபார்க்கலாம். என் தோழர் மூன்று பொடிகளையும் கல்வத்திலிட்டு அரைத்துக் காய்ச்சி, மீண்டும் அரைத்து, வில்லையாக அழுத்தி, படகு வடிவான சிறு மூசையில் வைத்து 940 டிகிரியிற் சுட்டார். விடுதிக் கதவு அடைக்கும் நேரம் நெருங்கவே, நீண்ட கொக்கியால் மூசையைச் செஞ்சூட்டோடே வெளியில் இழுத்துவிட்டார். குழாய் பிழைத்தது தெய்வாதீனம். வில்லை நன்றாகக் கறுத்து, பார்வைக்குக் குறைவற்றிருந்தது. மறுநாள் நைட்ரஜன் திரவத்தில் அதனை ஆழ்த்தி மேலே சிறு காந்தம் வைத்தோம். காந்தம் கல்மேற் கல்லாய்க் கிடந்தது. மூன்று வாரத்து உழைப்பு! தோழர் அன்று உணவுகொள்ளவில்லை.

காரணத்தை ஆசிரியர் விளக்கினார். அப்பொருள் 900 டிகிரிக்கு மேல் தன் பிராணவாயுவிற் சிறிது இழந்து நிற்கும். 500 முதல் 400 டிகிரி வரை மெல்ல இறங்கும்பொழுதே இழந்ததனை மீள உட்கொள்ளும். உடனே வெளியில் இழுத்தமையால் அதற்கு மூச்செடுக்க நேரமில்லை. "வில்லை கெடவில்லை, மீண்டும் உலையில் வை" என்றார் அவர். விடுதிக் காப்பாளரிடம் அனுமதி பெற்று, அதே வில்லையைப் பிராணவாயு ஓடும் குழாயிலிட்டு 500 டிகிரிக்கு ஏற்றி, இரவு முழுதும் சிறிது சிறிதாக இறக்கினோம். குழாயின் மறுமுனையில் நீருக்குள் வாயுக்குமிழிகள் ஒவ்வொன்றாய் எழுந்துகொண்டிருந்தன. நான் இலக்கண நூலொன்றை விரித்து வைத்தேன். இரண்டு சூத்திரத்தின் மேற் செல்லவில்லை.

காலையில் வில்லையை எடுத்தோம்; நேற்றைக்கும் இன்றைக்கும் கண்ணுக்கு வேற்றுமை யாதும் இல்லை. திரவத்தை ஊற்றி, அதன் கொதிப்பு அடங்கியபின் தோழர் நடுங்கும் கையோடு காந்தத்தை விட்டார். அது வில்லையைத் தொடாமல், ஒரு நெல்லின் உயரத்தில், அந்தரத்தில் நின்று மெல்லச் சுழன்றது.