காற்றில்லா வெளியில் உடலின் சூடு

ஆனி, ஆடி மாதங்களில் மேற்கு மலையிலிருந்து கடையத்தை நோக்கி இறங்கும் சாரல் காற்று, நம் உடலின் சூட்டைத் தணித்துச் செல்கிறது. காற்றே இல்லாத விண்வெளியில் உடல் என்னவாகும்?

குளிரில் உறைந்துவிடும் என்றே பலரும் எண்ணுகிறோம். உண்மையில், அங்கு உடற்சூட்டை வெளியேற்றுவதே பெரும்பாடு. நம் உடல் நான்கு வழிகளில் சூட்டை இழக்கிறது: குளிர்ந்த பொருளைத் தொடுதல், காற்றோட்டம், வியர்வை உலர்தல், கதிர்வீச்சு. வெற்றிடத்தில் காற்றோட்டம் இல்லை. கதிர்வீச்சு மெல்லவே சூட்டை வெளியேற்றும். மூடிய விண்வெளி உடையினுள் வியர்வையும் எளிதில் உலராது. வெயில் படும் பக்கமோ மேலும் சூடேறும். ஆகவே, விண்கலத்துக்கு வெளியே பணிபுரியும் வீரர், ஏறத்தாழ 90 மீட்டர் நீள மெல்லிய குழாய்கள் பின்னிய உள்ளாடையை அணிகிறார். அவற்றில் ஓடும் குளிர்நீர் உடற்சூட்டை ஏந்திச் செல்கிறது.

2025ஆம் ஆண்டு நம் நாட்டின் சுபான்ஷு சுக்லா தங்கிய பன்னாட்டு விண்வெளி நிலையத்தினுள் காற்று உண்டு. ஆயினும் எடையற்ற அந்நிலையில் சூடான காற்று மேலெழாமல் உடலைச் சுற்றியே தேங்கும். அதனால் அங்கு மின்விசிறிகள் இயங்கிக்கொண்டே இருக்கின்றன.

படுக்கையிலுள்ள நோயாளிக்கும் இக்கணக்கே பொருந்தும். காய்ச்சலில் கனத்த போர்வையால் மூடிச் சன்னல்களை அடைத்தால், சூடு வெளியேறும் வழிகளை நாமே அடைக்கிறோம். நடுக்கம் இருக்கும்போது மட்டும் மெல்லிய போர்வை போதும். நின்றதும் அதை அகற்றிவிடுவோம். பருத்தி ஆடையும் காற்றோட்டமும் மருத்துவர் கூறிய அளவு நீரும் தேவை. உடல் கொதித்து, பேச்சோ நினைவோ தடுமாறினால், சிறிதும் தாமதியாமல் மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.