கண்ணுக்குத் தெரியும் பழனி. போய்ச் சேர 64 கிலோ மீட்டர்!

கொடைக்கானலில் குறிஞ்சி ஆண்டவர் கோவில் இருக்கிறது. இலங்கை சர் பொன்னம்பலம் இராமநாதனின் மனைவி லீலாவதி 1936-ம் ஆண்டு கட்டியது. அவர் பிறப்பால் வெள்ளைக்காரப் பெண்மணி!

மேகம் இல்லாத நாளில் கோவில் அருகே நின்று வடக்கே பார்த்தால், கீழே பழனி மலை தெரியும். "இவ்வளவு பக்கமா!" என்று குழந்தைகள் கை நீட்டுவார்கள்.

பக்கம்தான். வானத்தில் நேர்கோடு போட்டால் சுமார் 24 கிலோ மீட்டர். மணிக்கு 500 கிலோ மீட்டர் வேகத்தில் பறக்கும் விமானம் 3 நிமிடத்தில் கடந்துவிடும். பஸ்சில் போனாலோ 64 கிலோ மீட்டர். 2 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது.

ஏன் இந்த வித்தியாசம்? பழனி ஊர் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 1,000 அடி உயரம். கொடைக்கானல் சுமார் 7,000 அடி. செங்குத்தான சரிவில் நேராக ரோடு போட்டால் பஸ் ஏறாது. ஆகவே பாதை வளைந்து வளைந்து ஏறுகிறது.

விமானத்தில் போகலாமா?

கொடைக்கானலில் விமான நிலையம் கிடையாது. பயணிகள் விமானம் இறங்க நீண்ட சமதரை வேண்டும். மலை உச்சியில் அதற்கு எங்கே போவது?

மதுரையில்தான் இறங்க வேண்டும். சென்னையில் இருந்து மதுரைக்கு வான் வழியில் சுமார் 420 கிலோ மீட்டர். ஒன்றேகால் மணி நேரத்தில் வந்துவிடலாம். அதன் பிறகு காரில் சுமார் 120 கிலோ மீட்டர். இதற்கு 3½ மணி நேரம், சில நாள் 4 மணி நேரம்! பெரிய தூரம் சீக்கிரம் முடிகிறது. சின்ன தூரம்தான் இழுக்கிறது.

டோலிப் பயணம்

அந்தக் காலத்தில் இதுவும் இல்லை. 1845-ல் அமெரிக்கப் பாதிரிமார்கள் கொடைக்கானலில் வீடு கட்டினார்கள். 1875-ல் அம்மையநாயக்கனூருக்கு ரெயில் வந்தது. அதுதான் கொடை ரோடு ஸ்டேஷன். பெயரில் கொடை இருக்கிறதே தவிர, மலைக்கு இன்னும் 80 கிலோ மீட்டர் போக வேண்டும்!

அங்கிருந்து அடிவாரம் வரை மாட்டு வண்டி. பிறகு குதிரை, இல்லாவிட்டால் டோலி. துரைமார்களும் துரைசானிகளும் டோலியில் உட்கார்ந்தார்கள். தூக்கியவர்கள் மூச்சு வாங்க மலை ஏறினார்கள். 1916-ம் ஆண்டு வாக்கில் மோட்டார் ரோடு வந்த பிறகுதான் அந்தத் தோள்களுக்கு ஓய்வு கிடைத்தது.

ரோடு அடைபட்டால்...

சுற்றுலா வருகிறவர்களுக்கு வளைவுகள் வேடிக்கை. மலையிலேயே வாழ்கிறவர்களுக்கு அந்த ரோடுதான் உயிர். கேரட்டும் பிளம்ஸ் பழமும் வாடுவதற்குள் கீழே இறங்க வேண்டும். ஆபத்தான நோயாளியை தேனிக்கோ மதுரைக்கோ கொண்டு போக வேண்டும்.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தது. மரங்கள் விழுந்தன. மண் சரிந்தது. மலை ரோடுகள் அடைபட்டன. கொடைக்கானல் துண்டிக்கப்பட்டு நின்றது. மரங்களை வெட்டி, மண்ணை அள்ளிய பிறகே வண்டிகள் ஓடின.

கொடைக்கானல் போக நினைக்கிறவர்கள் காலையிலேயே புறப்படுவது நல்லது. பிற்பகலில் மூடுபனி இறங்கிவிடும். வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே 7-ந்தேதி முதல் இ-பாஸ் முறை வந்திருக்கிறது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். வளைவில் தலை சுற்றும் குழந்தைகளுக்கு, புறப்படும்போது வயிறு நிறைய இட்லி கொடுக்காதீர்கள்!