தூங்கா நகரில் ஓர் இரவு

பாரிஸ், லண்டன் நகரங்களின் இரவுக் களியாட்டங்களை வியந்து பேசும் நண்பர்களை நாம் அறிவோம். அவர்களை ஒருநாள் இரவு மதுரைக்கு அழைத்துச் செல்ல வேண்டுமென்பது நமது அவா.

மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றிய வீதிகளில், ஊரடங்கும் வேளையிலும் இட்லியின் ஆவி பறக்கிறது. பரோட்டாக் கல்லில் கரண்டி தாளம் போடுகிறது. விளக்குத்தூண் அருகே ஜிகர்தண்டா அருந்துவோர் கூட்டம். கோயிலிலோ, சொக்கநாதரின் திருவடிகள் பல்லக்கில் பள்ளியறைக்கு எழுந்தருளுகின்றன. தெய்வம் பள்ளிகொண்ட பின்னும் ஊர் உறங்குவதில்லை!

இஃது இன்று நேற்று வந்த வழக்கமன்று. பகலில் நாளங்காடியும் இரவில் அல்லங்காடியுமாக மதுரைக் கடைத்தெரு விளங்கியதை மாங்குடி மருதனார் 'மதுரைக்காஞ்சி'யில் பாடியிருக்கிறார். ஆயினும் அப்புலவர் மற்றொன்றை மறைக்கவில்லை. நள்ளிரவில் கள்வர் உலவினர். அவர்களைப் பிடிக்க ஊர்க்காவலர் கண்ணுறங்காது திரிந்தனர்.

ஆதலின், நகரின் இரவு வாழ்வுக்கு உரைகல் விளக்குகளின் எண்ணிக்கையன்று. மல்லிகை வாங்க வந்த பெண்மணி தனியே அச்சமின்றி வீடு சேர வேண்டும். நடுநிசிவரை நமக்குப் பரிமாறிய தொழிலாளி விடிந்த பின்னரேனும் நிம்மதியாக உறங்க வேண்டும். அவ்விரண்டும் வாய்க்குமாயின், 'தூங்கா நகரம்' என்னும் பட்டத்தை நாம் தலைநிமிர்ந்து சொல்லிக்கொள்ளலாம்.