தாம்பரம் வான்படைப் பயிற்சிச் சர்ச்சை (2012)

தாம்பரம் வான்படைப் பயிற்சிச் சர்ச்சை என்பது, சென்னையின் தென்புறநகரான தாம்பரத்தில் உள்ள இந்திய வான்படைத் தளத்தில் இலங்கை வான்படையினர் ஒன்பது பேருக்குத் தொழில்நுட்பப் பயிற்சி அளிக்கப்பட்டதை எதிர்த்து 2012 சூலையில் எழுந்த சர்ச்சையாகும். பிற நாட்டவருக்கு ஒரு மாநிலத்தில் பயிற்சி அளிப்பதில் அந்த மாநிலத்தின் கருத்துக்கு எவ்வளவு இடம் உண்டு என்ற கேள்வியை இது எழுப்பியது.

பின்னணி

தாம்பரம் தளம் வான்படையின் பழைய பயிற்சி மையங்களுள் ஒன்று. விமானப் பயிற்றுநர்களை உருவாக்கும் பள்ளி 1954 முதல் இங்கு இயங்குகிறது. நட்பு நாடுகளின் படையினருக்குத் தன் பயிற்சி நிலையங்களில் இடமளிப்பது இந்தியாவின் நெடுநாள் வழக்கம்.

இலங்கையின் நிலை தமிழ்நாட்டில் வேறாக இருந்தது. 2009இல் முடிந்த போரின் இறுதிக் கட்டத்தில் ஆயிரக்கணக்கான தமிழ்ப் பொதுமக்கள் உயிரிழந்தனர். இலங்கை மீது பொருளாதாரத் தடை விதிக்கக் கோரி 2011 சூனில் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. அப்போரில் பங்கேற்ற படையின் ஆட்களுக்குத் தமிழ் மண்ணிலேயே பயிற்சியா என்பதே எதிர்ப்பின் சாரம்.

சட்ட நிலை

அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணைப்படி பாதுகாப்பு, முப்படைகள், வெளியுறவு, விசா ஆகியவை ஒன்றியப் பட்டியலில் உள்ளன. ஆகவே இத்தகைய பயிற்சிக்கு மாநில அரசின் ஒப்புதல் தேவையில்லை. அதைத் தடுக்கும் அதிகாரமும் அதற்கு இல்லை. ஆனால் பொது ஒழுங்கும் காவல்துறையும் மாநிலப் பட்டியலில் வருவதால், தளத்தின் வாயிலுக்கு வெளியே நடக்கும் போராட்டங்களைக் கையாள்வது மாநிலத்தின் பொறுப்பு.

விளைவு

பயிற்சி பெறுவோரைத் திருப்பி அனுப்புமாறு முதலமைச்சர் ஜெயலலிதா கோரினார். மத்திய அரசு அவர்களைப் பெங்களூருவை அடுத்த எலகங்கா தளத்துக்கு மாற்றியது. இடமாற்றம் போதாது, நாட்டை விட்டே அனுப்ப வேண்டும் என்று அவர் மீண்டும் வலியுறுத்தினார். இலங்கை நட்பு நாடு என்பதால் பயிற்சி தொடரும் என்பது மத்திய அரசின் நிலைப்பாடு. அடுத்த மாதமே, நீலகிரி மாவட்டம் வெலிங்டனில் இலங்கை அதிகாரிகள் இருவர் பயிற்சி பெறுவது குறித்து அதே கோரிக்கை எழுந்தது.

சட்டப்படி தடையில்லாத ஒரு பயிற்சி, அரசியல் எதிர்ப்பால் தாம்பரத்தை விட்டு நீங்கியது. ஆயினும் பயிற்சி நிற்கவில்லை. அது நடக்கும் மாநிலம் மட்டுமே மாறியது.