முன்னால் வந்தால் எழுத்தர், பின்னால் வந்தால் இளவரசர்

அரபியில் ‘அமீர்’ என்றால் ஆணையிடுபவர். பாரசீகத்தில் ‘ஜாதா’ என்றால் பிறந்தவர், பிள்ளை. இரண்டும் சேர்ந்த ‘அமீர்ஜாதா’ நாவில் தேய்ந்து தேய்ந்து ‘மிர்சா’ ஆகிவிட்டது.

ஈரானில் இந்தப் பட்டத்துக்கு ஒரு வேடிக்கையான கணக்கு இருந்தது. பெயருக்குப் பின்னால் வந்தால் அரச வம்சத்துப் பிள்ளை. காஜார் வம்சத்துப் பட்டத்து இளவரசர் அப்பாஸ் மிர்சாவைப் போல. முன்னால் வந்தாலோ படித்தவர், கணக்கு எழுதுபவர், அவ்வளவுதான்!

துருக்கிய மொழிகளில் தலைவருக்கு ‘பெக்’. அதன் பெண்பால்தான் ‘பேகம்’. அந்தப்புரங்களில் ஒலித்த இந்தச் சொல், இன்று தமிழகத்திலும் எத்தனையோ பெண்களின் பெயரோடு ஒட்டியிருக்கிறது.

இதே ‘பெக்’ துருக்கியில் ‘பெய்’ ஆனது. துருக்கிக் குடியரசு 1934-இல் பெய், பாஷா, எஃபெந்தி முதலிய பட்டங்களைச் சட்டம் போட்டு ஒழித்தது. ‘பெய்’ அசரவில்லை, மரியாதைச் சொல்லாக ஆண்களின் பெயருக்குப் பின்னால் இன்றும் நிற்கிறது.