ஜப்பானிய விருந்தினர் இல்லம் வரும்போது

1903-ஆம் ஆண்டில் யோகோயாமா தைக்கான், ஹிஷிதா ஷுன்ஸோ என்னும் இரு ஜப்பானிய ஓவியர்கள் கல்கத்தாவுக்கு வந்தனர். அவர்களுடைய ஆசானாகிய ஒககூரா தென்ஷின் அதற்கு முந்திய ஆண்டே அங்கு வந்து தாகூர் குடும்பத்தாருடன் பழகியவர். இவ்விருவரையும் அக்குடும்பம் அன்புடன் உபசரித்தது. தைக்கான் ஈரத் தூரிகையால் வண்ணத்தை மென்மையாக்குவதை அருகிருந்து கண்ட அவனீந்திரநாத தாகூர், அதிலிருந்து தமக்கென ஒரு முறையை வகுத்துக்கொண்டார். 1905-இல் அவர் தீட்டிய ‘பாரத மாதா’ அம்முறையில் எழுந்ததே.

இன்று குருகிராம், நீம்ரானா முதலிய இடங்களில் ஜப்பானியத் தொழிற்சாலைகள் உள்ளன. அங்குப் பணிபுரியும் நேயர்கள் உடன் உழைக்கும் ஜப்பானியரை வீட்டுக்கு அழைக்க நேரலாம். வாசலில் காலணியைக் கழற்ற அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கழற்றியதை வெளிப்புறம் நோக்கித் திருப்பியும் வைப்பார். அவர் இரு கைகளாலும் நீட்டும் பரிசை நாமும் இரு கைகளாலும் பெறுவதே அழகு. பதிலுக்கு ஏதேனும் கொடுப்பதாயின் நான்கு என்ற எண்ணிக்கையைத் தவிர்த்தல் நலம். அவர்கள் மொழியில் நான்கைக் குறிக்கும் ‘ஷி’ என்ற ஒலி மரணத்தையும் குறிக்கும்.

சங்கடம் நேர்வது பந்தியில்தான். விருந்தினர் ‘போதும்’ என்றால் அதை உபசார வார்த்தையாகக் கருதி, இன்னும் ஒரு கரண்டி இடுவது நம் வழக்கம். ஜப்பானியரோ மறுப்பை மிக மெல்லச் சொல்பவர். இட்ட சோற்றை மிச்சம் வைப்பதையும் மரியாதைக் குறைவாக எண்ணுபவர். ஆகவே நாம் இட இட, வயிறு கொள்ளாவிடினும் அவர் உண்டுகொண்டே இருப்பார். நம் அன்பே அவருக்குத் தண்டனையாகிவிடும்! முதலில் சிறிதளவே பரிமாறி, அவர் கேட்டால் மட்டும் மேலும் இடுக. இலையை மடித்தால் உணவு முடிந்தது என்பதை முன்பே விளக்கிவிட்டால் அவருக்குப் பெரிய நிம்மதி. கையால் உண்பது அவருக்கு முற்றிலும் புதிதன்று; சூஷியைக் கையால் எடுத்து உண்பதும் உண்டு. ஆனால் அவர்கள் சோறு ஒட்டும் தன்மையது, நம் சோறு உதிரியானது. பக்கத்தில் ஒரு கரண்டி இருக்கட்டும்.

சைவ உணவினர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜப்பானியச் சமையலுக்கு அடிப்படையான ‘தாஷி’ என்னும் சாறு பெரும்பாலும் உலர்ந்த மீனிலிருந்து எடுக்கப்படுவது. ‘புலால் உண்ணோம்’ என்று மட்டும் சொன்னால், மீன் சாறு கலந்த பலகாரத்தை அவர் நல்லெண்ணத்தோடு கொண்டுவரக்கூடும். ‘மீனும் ஆகாது, அதன் சாறும் ஆகாது’ என்று அழைக்கும்போதே கூறிவிட்டால் இரு தரப்பாருக்கும் மனவருத்தம் இராது.

உரையாடலின் இடையே அவர் மௌனமாயிருந்தால் அதை அதிருப்தி என்று கொள்ளற்க. இரவு தங்குவாராயின் உறங்குமுன் குளிக்க வெந்நீர் தேவைப்படும். காலைக் குளியல் நம் பழக்கம்.

மறுமுறை சந்திக்கையில், நாட்கள் பல கடந்திருப்பினும், அன்றைய விருந்துக்கு அவர் மீண்டும் நன்றி கூறுவார். ‘அதெல்லாம் எதற்கு’ என்று தள்ளிவிடாமல் தலை தாழ்த்தி ஏற்றுக்கொள்க.