சீனர் வீட்டுப் பந்தி

ஆம்பூரைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு இரண்டு விஷயங்கள் தெரியும். ஒன்று தோல், மற்றொன்று பிரியாணி. உள்ளூரில் இருக்கிற நமக்கு மூன்றாவதாக ஒன்றும் தெரியும். மாலை ஆறு மணிக்கு மேல் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் வேலூர்க் கடைத்தெருவிலும் நடந்து போகிறவர்களின் காதில், பெரிய இரும்புச் சட்டியில் கரண்டி மோதும் சப்தம் விழாமல் இராது. அடுப்பின் ஜ்வாலை சட்டியின் விளிம்பைத் தாண்டி எழும். பலகையில் ‘பிரைட் ரைஸ், நூடுல்ஸ், கோபி மஞ்சூரியன்’ என்று எழுதியிருக்கும். இவை அனைத்துக்கும் சேர்த்து ‘சைனீஸ்’ என்று ஒரே பெயர். வகுப்பில் சீன தேசத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதச் சொன்னால், பிள்ளைகள் நெடுஞ்சுவரையும் பட்டையும் எழுதிவிட்டு மூன்றாவதாக மஞ்சூரியனைச் சேர்க்கிறார்கள். பூகோள ஆசிரியர்களின் பாடு இனிமேல் திண்டாட்டந்தான்.

ஏனெனில் மஞ்சூரியாவில் மஞ்சூரியன் கிடையாது. கல்கத்தாவில் பிறந்த சீனரான நெல்ஸன் வாங் என்னும் சமையற்காரர், 1975-இல் பம்பாய் கிரிக்கெட் கிளப்பில் வேலை பார்த்தபோது, புதிதாக ஏதாவது செய்து தரும்படி கேட்டவர்களுக்காக ஒரு காரியம் செய்தார் என்பார்கள். நம்மவர் வழக்கப்படி இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாயை நறுக்கி வதக்கினார். மசாலைப் பொடிக்குப் பதில் சோயா ரஸத்தை ஊற்றி, சோள மாவைக் கரைத்துவிட்டு, பொரித்த கோழித் துண்டங்களை அதில் போட்டார். அதுதான் மஞ்சூரியன், கோழி இருந்த இடத்தில் பிற்பாடு காலிபிளவர் வந்து உட்கார்ந்தது. ஆகவே அது நம் தேசத்துப் பக்ஷணமே. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதைத் தின்றுவிட்டுச் சீனர் சாப்பாட்டைச் சாப்பிட்டுப் பார்த்ததாக எண்ணிக்கொள்வதுதான் தவறு.

சீனர் வீட்டில் நடக்கிற சாப்பாடு வேறு. அவர்களுடைய பாஷையில் சாப்பாட்டை இரண்டு சொல்லில் அடக்கிவிடுவார்கள். ஒன்று ‘ஃபான்’, அதாவது சோறு. மற்றொன்று ‘ட்ஸாய்’, அதாவது சோற்றோடு சேர்வது. சோறுதான் சாப்பாடு, மற்றதெல்லாம் அதற்குத் துணை. தஞ்சாவூர்க்காரர் எவரும் உடனே ஒப்புக்கொள்ளும் தத்துவம் இது. தென்சீனத்தில் அரிசியும் வடசீனத்தில் கோதுமையும் இந்த ஸ்தானத்தை வகிக்கின்றன. ஒருவரையொருவர் வழியில் கண்டால், ‘சாப்பிட்டாயிற்றா?’ என்று கேட்பதும் அவர்களிடம் பழைய வழக்கம்.

பொரித்த சோறு, அதாவது நம் கடைப் பலகையில் முதலிடம் பெறும் ‘பிரைட் ரைஸ்’, சீனர் வீட்டில் நேற்றைய சோற்றுக்குச் செய்யும் பரிகாரம். ஆறி இறுகிய சோறுதான் சட்டியில் ஒட்டாமல் உதிரியாக வரும். மிச்சச் சோற்றுக்கு நம் வீட்டில் எலுமிச்சம்பழம் பிழிந்து தாளிப்பதைப் போன்றது அது. வெளியூரிலிருந்து ஒருவர் வந்து எலுமிச்சஞ்சாதம் ஒன்றையே தின்றுவிட்டுத் தமிழர் விருந்து இன்னதென்று பேசினால் நமக்கு எப்படியிருக்கும்?

மற்றபடி வீட்டில் என்ன சமைப்பார்கள்? நீராவியில் வெந்த மீன், தெளிவான சூப், பூண்டோடு சட்டென்று வதக்கிய கீரை, உப்பில் ஊறிய கடுகுக்கீரை, காலையில் கஞ்சி. இந்தக் கஞ்சிக்கு ஆங்கிலேயர் வைத்திருக்கும் பெயர் ‘காஞ்ஜி’. அது நம் ‘கஞ்சி’யேதான், போர்ச்சுக்கீஸியர் வாய்வழியாக ஆங்கிலத்துக்குப் போயிற்று. சீனர் உணவு ஒன்றை உலகம் தமிழ்ச் சொல்லால் அழைக்கிறது என்பதை நம் பிள்ளைகள் அறிந்தால் மஞ்சூரியனைச் சற்று மறப்பார்கள். அவர்களுடைய வகையில் நம்மிடம் வந்து தங்கிய சொற்களும் பல. சீனி, சீனச்சட்டி, சீனவெடி ஆகியவற்றை எல்லாரும் அறிவர். படிகாரத்துக்குச் ‘சீனக்காரம்’ என்று ஒரு பெயர் உண்டு. தோல் பதனிடும் பழைய முறைகளில் படிகாரம் சேர்ப்பதும் ஒன்று. ஆகையால் இந்தச் சொல்லை நம் பாலாற்றங்கரைக்காரர்கள் மறக்கலாகாது.

இந்தியாவில் சீனர் வீட்டுச் சமையலைப் பார்க்க வேண்டுமானால் கல்கத்தாவுக்குப் போக வேண்டும். அங்கே போனால், நம் ஜில்லாக்காரருக்கு மூக்கே வழி காட்டும். சீனர் குடியிருந்த தாங்ரா என்னும் பகுதியும் ஒரு தோல் ஊர்தான். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில், டாங் அச்சூ என்னும் சீன வர்த்தகர் ஹூக்ளி நதிக்கரையில் நிலம் பெற்றுக் கரும்பாலை வைத்தார். அந்த இடம் இன்றும் அவர் பெயரால் அச்சிப்பூர் என வழங்குகிறது. அவருக்குப் பின் வந்தவர்களுள் ‘ஹக்கா’ என்னும் வகுப்பார், முதலில் செருப்புத் தைத்தும் பின்னர் தாங்ராவின் சதுப்பு நிலத்தில் தோல் பதனிட்டும் பிழைத்தார்கள். ‘ஹக்கா’ என்றால் ‘விருந்தாளிக் குடும்பத்தார்’ என்று பொருள். வடசீனத்திலிருந்து தெற்கே குடிபெயர்ந்து, போன இடத்திலெல்லாம் அந்நியராக வாழ்ந்தவர்கள் அவர்கள்.

தோல் வேலை அவர்கள் கையில் சேர்ந்ததற்குக் காரணம் நமக்குப் புரியாததல்ல. உயர்ந்த ஜாதியார் என்று சொல்லிக்கொண்டவர்கள் தோலைத் தொட மாட்டார்கள். வந்தவருக்கு இடம் கிடைத்தது. இங்கே வேலூர், ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பகுதிகளில் முஸ்லிம் வணிகர்கள் அத்தொழிலை வளர்த்தார்கள். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்ட தொட்டிகளில் இறங்கி உழைத்தவர்களில் பெரும்பாலோர் ஆதி திராவிடர். தோற்செருப்பை எல்லாரும் காலில் போட்டுக்கொண்டோம். தோலைப் பதனிட்டவரோடு ஒரே வரிசையில் இலை போட்டு உட்கார மட்டும் நம் முன்னோர் மறுத்தார்கள்.

தாங்ராவில் குடும்பமும் தொழிலும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. கீழே தொட்டியும் உருளையும், மேலே வீடு என்ற அமைப்பு சாதாரணம். அப்பா தோல் வாங்கப் போனால் அம்மா கணக்குப் பார்ப்பாள். 1962-இல் சீன யுத்தம் வந்தபோது இந்தக் குடும்பங்களுக்குக் கெட்ட காலம் பிறந்தது. இந்தியாவிலே பிறந்து வளர்ந்த சீனரில் சுமார் 3,000 பேரை ராஜஸ்தானத்துத் தேவ்லி முகாமில் அடைத்தார்கள்; சிலர் ஆண்டுக்கணக்கில் அங்கே கிடந்தார்கள். குழந்தைகளும் கிழவர்களும் அதில் அடக்கம். நம் சர்க்கார் செய்த காரியங்களில் பெருமைப்படத் தகாதது இது.

பிறகு 1996 வந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் தேதி, பாலாற்று நீரைத் தோல் தொழிற்சாலைகள் கெடுத்துவிட்டன என்று வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில், சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்து, கழிவுநீரைச் சுத்தம் செய்யும் ஏற்பாடு இல்லாமல் எவரும் நடத்தக்கூடாது என்றும் உத்தரவிட்டது. அதே ஆண்டு டிசம்பர் 19-ஆம் தேதி, அதே கோர்ட்டு, கல்கத்தாத் தோல் தொழிற்சாலைகளை ஊருக்கு வெளியே கொண்டுபோகச் சொன்னது. நம் ஊர்களில் சுத்திகரிப்பு நிலையங்கள் ஏற்பட்டுத் தொழில் நிலைத்தது. பாலாறு குணமாயிற்றா என்பது வேறு கதை. அதைப் பாலாற்றங்கரையில் கிணறு வைத்திருப்பவர்களைக் கேட்க வேண்டும். தாங்ராவிலோ தொட்டிகள் பாந்தலா என்னும் இடத்துக்குப் போயின; போக மனமில்லாதவர் தொழிலை விட்டார்கள். ஏற்கெனவே சில வீடுகளில் தொடங்கியிருந்த போஜனசாலைகள் பெருகின. தோல் காய்ந்த கட்டடங்களில் மேஜை போட்டார்கள். இன்று தாங்ரா என்றால் வங்காளிகளுக்குச் சாப்பாடுதான் நினைவுக்கு வருகிறது. அங்கே ஒரு காளி கோயிலும் உண்டு. அதில் நூடுல்ஸைப் பிரசாதமாகப் படைக்கிறார்கள்.

கடையில் வங்காளிக்கு மிளகாய்ச் சிக்கன் பரிமாறும் ஹக்காக் குடும்பம், தன் வீட்டில் அதைத்தான் தின்னும் என்று எண்ண வேண்டாம். சோயாப் பாற்கட்டிக்குள் கொத்திய இறைச்சியைத் திணித்து வேகவைப்பதும், உப்புக் கீரையோடு பன்றி இறைச்சியை நெடுநேரம் ஆவியில் வைப்பதும் ஹக்கா வீடுகளின் பெயர்பெற்ற சமையல். மிளகாயின் ஆர்ப்பாட்டம் அவற்றில் இல்லை.

நாம் முக்கியமாகச் சொல்ல வந்தது பதார்த்தங்களைப் பற்றியல்ல. அவற்றைச் சுற்றி யார் உட்காருகிறார்கள் என்பதைப் பற்றி. சீனர் வீட்டில் மேஜை பெரும்பாலும் வட்டமாக இருக்கும். ஒவ்வொருவர் கையிலும் ஒரு கிண்ணம் சோறு; கறிவகை எல்லாம் நடுவில். பெரியவர் முதலில் எடுத்தபின் மற்றவர்கள் எடுப்பார்கள். மேஜையில் கத்தி கிடையாது. வெட்டுவதெல்லாம் சமையலறையிலேயே முடிந்துவிடும். கிண்ணத்துச் சோற்றில் குச்சிகளைச் செங்குத்தாக நட்டால் வீட்டுப் பாட்டி சீறிவிழுவாள். அது இறந்தவருக்கு ஊதுவத்தி ஏற்றியதற்குச் சமானம். பழங்காலச் சீனத்திலும், விருந்தென்றால் ஆண்கள் மேஜையிலும் ஸ்திரீகள் அடுக்களையிலும் சாப்பிட்ட வீடுகள் ஏராளம். அவர்களை எடுத்த எடுப்பிலேயே தேவர்களாக்கிவிட வேண்டியதில்லை. ஆனால் இன்று அந்த மேஜையில் அம்மாவுக்கு ஒரு நாற்காலி இருக்கிறது.

நம் வீடுகளில்? அப்பாவும் பிள்ளைகளும் சாப்பிட்டு எழுந்தபின், ஆறிப்போன குழம்பின் அடியை வழித்துக்கொண்டு அம்மா தனியே உட்காருகிறாள். படித்த குடும்பங்களிலும் இது மாறினபாடில்லை. காரணம் கேட்டால், ‘சூடாகப் பரிமாற ஒருவர் வேண்டாமா?’ என்பார்கள். உண்மையில் பாதிக் குற்றம் சமையல் வகையில் இருக்கிறது. தோசை வார்க்கிற இரவில் அம்மா கடைசி, வேறு வழியில்லை. இட்லி இரவில் அவளும் கூட உட்காரலாம். சட்டியில் வதக்கும் சீனச் சமையலும் தோசையைப் போன்றதே. இரண்டு நிமிஷம் ஆறினால் கெட்டுவிடும். அதனால் அவர்கள் ஓர் உபாயம் செய்கிறார்கள். சூப்பும் ஆவியில் வெந்ததும் ஆறினாலும் சுவைக்கிற கறியுமாக முன்னதாகவே தயார் செய்துவிட்டு, வதக்குகிற பதார்த்தம் ஒன்றை மட்டும் கடைசியில் இறக்கி, அதோடு சமைத்தவளும் வந்து உட்காருகிறாள்.

இதை நம் வேலூர் வீடுகளில் எந்தச் சிரமமும் இல்லாமல் செய்யலாம். கத்தரிக்காயைக் கீறி இட்லிப் பானையில் வேகவைத்து, கையால் நார்நாராகக் கிழித்து, நசுக்கிய பூண்டும் சோயாவும் சில துளி நல்லெண்ணெயும் விட்டுப் பிசறினால், சீனர் வீட்டுக் கறி ஒன்று முடிந்தது. பிரியாணிக்குக் கத்தரிக்காய் தொட்டுக்கொள்ளும் ஆம்பூரில் இதற்கு ஆட்சேபம் வர நியாயமில்லை. முட்டை சாப்பிடுகிறவர்கள், நான்கு முட்டையை உடைத்து அதன் அளவைப்போல் ஒன்றரை மடங்கு வெதுவெதுப்பான நீர் கலந்து, சிறிது உப்பிட்டு, வடிகட்டி, மேலே ஒரு தட்டை மூடி அதே இட்லிப் பானையில் இளந்தீயில் பன்னிரண்டு நிமிஷம் வைத்தால், பால்கோவாவைவிட மிருதுவாக உறையும். தீ அதிகமானால் இடியாப்பத் தட்டைப்போல் துளை விழுந்துவிடும்; அதில் மட்டும் கவனம் வேண்டும். எல்லாரும் உட்கார்ந்தபின் முளைக்கீரையையோ முட்டைக்கோஸையோ, புகை கிளம்பும் சட்டியில் பூண்டு தாளித்து இரண்டு நிமிஷம் புரட்டிக் கொண்டுவந்து வைக்கலாம்.

நடுவிலுள்ள பாத்திரத்தில் எல்லாரும் கை வைத்தால் எச்சில் ஆகாதா என்று பாட்டிமார் கேட்பார்கள். கேட்பது நியாயமே. சீனரும் அதைக் கேட்டுக்கொண்டார்கள். 2003-இல் ஸார்ஸ் நோய் பரவியபோதும், மறுபடி 2020-இல் கொரோனாக் காலத்திலும், பரிமாறுவதற்கென்று தனிக் குச்சியும் கரண்டியும் வைக்கவேண்டும் என்று சீன தேசத்தில் பலமாகப் பிரசாரம் நடந்தது. நம் வீட்டில் கரண்டிக்கா பஞ்சம்?

வெளியே போய்ச் சாப்பிடுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘ஓட்டலில் என்ன இருக்கிறது, பணத்துக்குக் கேடு’ என்று நாம் பேசுவது வழக்கம். ஆனால் எல்லாரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது என்பது தமிழ்நாட்டில் தானாக வந்ததல்ல. ரயில் நிலையச் சாப்பாட்டு அறைகளில் பிராமணருக்கு ஓர் இடம், மற்றவருக்கு வேறிடம் என்று பிரித்துவைத்த ஏற்பாடு 1941-இல்தான் ஒழிந்தது. அதுவும் கிளர்ச்சி செய்து ஒழிக்க வேண்டியிருந்தது. ஓட்டல் மேஜைக்கு இன்னொரு குணமும் உண்டு. வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிற அம்மா அங்கேதான் பிள்ளைகளோடு சேர்ந்து, ஆவி பறக்கும் சோற்றை, எழுந்து போகாமல் சாப்பிடுகிறாள். மாதம் ஒருமுறை அதற்காகச் செலவழிப்பதைத் துரைத்தனம் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

போகிறபோது சீனர் முறையில் போவது நல்லது. நாம் ஆளுக்கொரு தட்டுக் கேட்டுவிட்டு அவரவர் தட்டுக்குள் தலை குனிந்துவிடுகிறோம். பஸ் நிலையத்திலும் அப்படித்தானே சாப்பிடுகிறோம்? சீனர் குடும்பம் சோற்றை மட்டும் தலைக்கொன்றாகக் கேட்கும். மற்றவற்றை மேஜைக்காகக் கேட்கும். ஆள் எத்தனையோ அத்தனை பதார்த்தம், கூட ஒரு சூப் என்பது உத்தேசக் கணக்கு. ஒன்று மிருதுவாக இருந்தால் மற்றொன்று மொறுமொறுப்பாக. ஒன்று காரமானால் அடுத்தது சப்பென்று. கீரை ஒன்று கட்டாயம். நம் கடைகள் பரிமாறும் அளவைப் பார்த்தால் ஐந்து பேருக்கு மூன்று பதார்த்தமும் வெறுஞ்சோறும் தாராளமாகப் போதும். ‘வெள்ளைச் சோறா? சைனீஸ் கடையிலா?’ என்று பரிமாறுகிற பையன் விழிப்பான். ஒருமுறை கொண்டுவரச் சொன்னால் மறுமுறை அவனே கேட்பான். எதை வாங்குவது என்று நிச்சயிக்கும் உரிமையை அன்றைக்கு மட்டுமாவது அம்மாவிடம் விட்டுவிடுங்கள். தினமும் நம்மைக் கேட்டுச் சமைக்கிறவளுக்கு, தனக்கு எது பிடிக்கும் என்று யோசிக்கவே சிறிது நேரமாகும். காத்திருக்கலாம்.